டவுன்பைப் மாட்டிய பின் ஈசியூவைத் திருத்துதல்: 2006 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வேலைப் பதிவு

டைனோ என்ற திறனளக்கும் கருவியின் உருளைகள் மீது முழு ஆக்சிலரேட்டரில் இழுத்த கடைசிப் பதிவில், பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், நிமிடத்துக்கு 3,300 சுற்றில் 16.5 பிஎஸ்ஐயைத் (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) தொட்டு, 6,500 சுற்றுக்குள் 13-க்கு ஒழுங்காக இறங்குகிறது. நாக்கிங் என்பது சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது; அதன் ஒலி கேட்டால் இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ தீப்பொறியைத் தாமதிக்கும். அந்த அளவைக் காட்டும் நாக்கிங் திருத்தம் என்ற நெடுவரிசை மேலிருந்து கீழ்வரை சுழியமாகவே நிற்கிறது. இலையுதிர்காலத்தில் தொடங்கிய வேலை இந்த வரைபடத்தைக் காட்ட வசந்தகாலம் வரை ஆயிற்று. இதே இன்ஜினில் இதே பாகங்களை மாட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எந்த இடத்தில் நேரம் போயிற்று, எந்த அளவு எதைக் காட்டியது என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கார் 2006 ஆம் ஆண்டின் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், அமெரிக்கச் சந்தைக்கானது, இருப்பிடம் மிச்சிகன். இதிலுள்ள 2.5 லிட்டர் ஈஜே255 இன்ஜின் தொழிற்சாலைக் கணக்கில் 230 குதிரைத்திறன் தருவது. வெளியேற்று வாயுவால் சுழன்று காற்றை அழுத்தும் டர்போ மிட்சுபிஷியின் டிடி04 வகை. அளவில் சிறியதாகையால் சீக்கிரம் சுழன்றெழும், உயர் சுற்றுகளில் சீக்கிரம் மூச்சு வாங்கும். மாட்டியவை மூன்று: புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியோடு கூடிய மூன்று அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய்), அதற்குப் பின்னால் பழைய பொருளாக வாங்கிய சைலன்சர் தொகுதி, காற்று வடிகட்டிப் பெட்டியான தொழிற்சாலை ஏர்பாக்ஸுக்கு மாற்றாகக் கூம்பு வடிகட்டி கொண்ட இன்டேக் குழாய். மிச்சிகனில் வண்டிகளுக்குக் குறித்தகாலப் புகைப் பரிசோதனை கிடையாது. ஆனாலும் வினையூக்கியைக் கழற்றி எறிவதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதன்றி, அது இல்லாத காருக்குப் பின்னால் நிற்பதே தண்டனை. ஆகவே வெறுங்குழாயை வாங்கவில்லை.

பாகங்களைப் பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்களில் எழும் அழுத்தம், அளந்தேன். இந்த இன்ஜினின் பிஸ்டன்கள் வார்ப்பு வகை. நாக்கிங் தொடர்ந்தால் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வரம்பு உடைந்துபோவது இதன் பேர்பெற்ற நோய். ஏற்கெனவே நோயுள்ள இன்ஜினில் பூஸ்டை ஏற்றிவிட்டுப் பிறகு டியூனிங்கைக் குறை சொல்வதில் பொருளில்லை. சூடான இன்ஜினில், நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து எடுத்த அளவுகள் 150, 150, 148, 145 பிஎஸ்ஐ. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பிளக்குகள் வெளியே இருக்கையிலேயே புதியவற்றை 0.7 மி.மீ. இடைவெளி வைத்து மாட்டினேன். அடுத்து, எதையும் மாற்றாத நிலையில், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் நான்கு சக்கர டைனோவில் ஓட்டிய அளவு, சக்கரங்களில் 172 குதிரைத்திறன். இந்த முதல் அளவு இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்களுக்கு மதிப்பில்லை.

டவுன்பைப்பைக் கழற்றும் வேலையில் சொல்வதற்குத் துருவைத் தவிர வேறொன்றுமில்லை. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, டர்போ வாயிலின் 14 மி.மீ. நட்டுகளை ஸ்டட் என்ற தலையில்லாத திருகாணியோடு ஒன்றாக்கியிருந்தது. முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டு, காலையில் இன்ஜினைச் சற்று ஓட்டிச் சூடேற்றித் திருப்பியதில் ஒரே ஒரு ஸ்டட் மட்டும் நட்டோடு சேர்ந்து வந்தது. கேஸ்கெட்டுகள் அனைத்தும் புதியவை. நட்டுகளை 35 நியூட்டன் மீட்டரில் முறுக்கினேன்.

குழாயை மாட்டுவதற்கு முன்பே, காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கான வளையத்தை டர்போவுக்குப் பின்னால், கிடைமட்டத்துக்கு மேலே நன்கு சாய்ந்த நிலையில் பற்றவைத்திருந்தேன். சாய்வு போதாவிட்டால் குளிரில் சேரும் நீர் சென்சாருக்குள் இறங்கி அதைக் கொன்றுவிடும். காரோடு வந்த முன் சென்சாரை நம்பி முழு ஆக்சிலரேட்டர் வேலையைச் செய்ய இயலாது. அது டர்போவுக்கு முன்னால் அழுத்தத்தில் இருப்பது மட்டுமன்றி, எரிபொருள் மிகுந்த பக்கத்தில், ஒரு பங்கு எரிபொருளுக்கு 11 பங்கு காற்று என்ற விகிதத்துக்கு அருகில் தரைதட்டி, அதற்குக் கீழே என்ன நடந்தாலும் அதே எண்ணையே காட்டும்.

எல்லாம் மாட்டிய பின் கசிவுச் சோதனை. இன்டேக்கின் வாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து 10 பிஎஸ்ஐ மட்டும் விட்டுச் சோப்பு நீர் தெளித்தேன். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து, காற்றுக் கதவான திராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் இணைப்பில் நுரை பொங்கிற்று. கிளாம்ப் ரப்பரின் விளிம்பைக் கவ்வியிருந்தது. இதை விட்டுவிட்டு மென்பொருளைத் தொட்டிருந்தால், அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போவதை அட்டவணையில் எண்களாக எழுதி வைத்திருப்பேன்.

இனி ஈசியூ. இந்தத் தலைமுறைச் சுபாருவில் டாக்ட்ரிக்ஸ் ஓபன்போர்ட் 2.0 கேபிளும், ஈசியூஃபிளாஷ், ராம்ரெய்டர் என்ற இலவச மென்பொருள்களும் போதும். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் இரண்டு பச்சைக் கனெக்டர்களை ஒன்றோடொன்று சேர்த்தால்தான் ஈசியூ எழுதுவதற்கு இணங்கும். சேர்த்த நிலையில் சாவியைத் திருப்பினால் ரேடியேட்டர் விசிறிகளும் எரிபொருள் பம்பும் விட்டுவிட்டு ஓடும், அது இயல்பே. எழுதும் நேரம் முழுவதும் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் ஈசியூ ஊமையாகிவிடலாம். தொழிற்சாலைக் கோப்பைப் படித்துத் தனியே சேமித்த பிறகே முதல் மாற்றத்தைச் செய்தேன். பதிவு எடுக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தக் காரின் தகவல்தொடர்பு மெதுவானது, முப்பது அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் அரிதாகவே வந்து சேரும். அந்தந்த வேலைக்குத் தேவையான எட்டுப் பத்து அளவுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் வரைபடம் நெருக்கமாக வருகிறது.

முதலில் சரிசெய்ய வேண்டியது பூஸ்டும் அன்று, டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) அன்று, காற்றின் அளவு. இன்டேக் குழாயில் செருகிய மாஃப் சென்சார் தன்னைக் கடக்கும் காற்றின் வேகத்துக்கேற்ப ஒரு மின்னழுத்தத்தைத் தருகிறது. ஈசியூ ஓர் அட்டவணையைப் பார்த்து அதை வினாடிக்கு இத்தனை கிராம் என்று மாற்றிக்கொள்கிறது. புதிய குழாயைக் காலிப்பரால் அளந்தபோது உள்விட்டம் பழையதைவிட 4 மி.மீ. கூடுதல். அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போவதால் சென்சார் குறைவாகச் சொல்கிறது, ஈசியூ எரிபொருளைக் குறைக்கிறது. ஆபத்து அதோடு முடிவதில்லை. சுமை என்று ஈசியூ கணக்கிடுவதும் இதே காற்றளவை இன்ஜின் சுற்றால் வகுத்துத்தான். காற்று குறைவாகத் தெரிந்தால் சுமையும் குறைவாகத் தெரியும், டைமிங் அட்டவணையில் குறைந்த சுமைக்கான, அதாவது அதிக முன்னேற்றமுள்ள கட்டம் எடுக்கப்படும். எரிபொருள் குறைந்து, தீப்பொறியும் முந்துவது பிஸ்டன் உடைவதற்கு ஏற்ற நிலை.

மெதுவாக ஓட்டும்போதைய பகுதியைச் சாதாரணச் சாலையிலேயே திருத்தலாம். ஈசியூ எரிபொருளில் தானே செய்யும் உடனடித் திருத்தத்தையும், கற்று நினைவில் வைத்திருக்கும் திருத்தத்தையும் கூட்டி, மாஃப் மின்னழுத்த வாரியாகச் சராசரி எடுத்து, அந்தச் சதவீதத்தை அட்டவணையின் அதே கட்டத்தில் பெருக்கினேன். 2.2 வோல்ட்டை ஒட்டி 8 சதவீதமும், அதற்கு மேலே 11 சதவீதம் வரையும் கூட்ட வேண்டியிருந்தது. கட்டத்துக்குக் கட்டம் எண்களை அப்படியே ஒட்டாமல் வளைகோடு மேடுபள்ளமின்றி ஏறும்படி சமன்செய்ய வேண்டும். பதிவில் தெரியும் சிறு மேடுகளில் பாதி வெறும் இரைச்சல்.

திருத்தங்கள் 3 சதவீதத்துக்குள் வந்துவிட்டன என்று எண்ணியிருந்தபோது, எந்த மாற்றமும் செய்யாமலே அவை மீண்டும் 4 சதவீதம் நகர்ந்தன. வெற்றிடக் குழல்களில் கசிவு தேடினேன், சென்சாரைத் துடைத்தேன், எரிபொருள் அழுத்தத்தை அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. காரணம், இடையில் சுத்தம் செய்யக் கழற்றிய கூம்பு வடிகட்டியைத் திரும்ப மாட்டும்போது அது கால்சுற்று திரும்பி உட்கார்ந்திருந்தது. வடிகட்டியின் தையல் மடிப்பு சென்சாருக்கு நேரே வந்தால் காற்று சுழித்து வரும், அளவு மாறும். குழாயிலும் வடிகட்டியிலும் பெயின்ட் பேனாவால் ஒரே கோடு இழுத்து, அதன்பின் கோடுகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே கிளாம்பை இறுக்கினேன். தொழிற்சாலை ஏர்பாக்ஸில் இந்தத் தொல்லைக்கு இடமேயில்லை என்ற எண்ணம் அப்போதே எழுந்தது.

முழு ஆக்சிலரேட்டர்ப் பகுதிக்குத் திரும்பவும் டைனோ. மூன்றாம் கியரில் 6,500 சுற்று என்பது மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். அதைப் பொதுச் சாலையில் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. கணக்கு எளியது: ஈசியூ கேட்ட விகிதம் 11.1, வைட்பேண்ட் காட்டியது 11.8 என்றால், அந்த மின்னழுத்தக் கட்டத்தின் காற்றளவை 6.3 சதவீதம் கூட்ட வேண்டும். ஆனால் இதில் சுபாருவுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. கற்ற திருத்தத்தை ஈசியூ நான்கு காற்றோட்ட வரம்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; கடைசி வரம்பில் கற்றது அதற்கு மேலுள்ள அனைத்துக்கும், முழு ஆக்சிலரேட்டர் உட்பட, பெருக்கப்படுகிறது. ஆகவே நெடுஞ்சாலை வேகத்தில் கற்ற பழைய 5 சதவீதம் நினைவில் இருக்கும்போது டைனோவில் கலவையைத் திருத்தினால், அடுத்த வாரம் அந்த 5 மாறியதும் செய்த வேலையும் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் கடைசி வரம்பின் எண்ணைப் பதிவில் சேர்த்துக் கணக்கிலிருந்து கழித்த பிறகே மாஃப் வளைகோடு நிலைபெற்றது.

காற்றளவு சரியான பின் பூஸ்டுக்கு வந்தேன். வேலையில் மிகவும் நீண்டது இதுதான். நவம்பரில், வெளியே 4 பாகை செல்சியஸ் இருக்கையில் எடுத்த பதிவில், 15 பிஎஸ்ஐ இலக்குக்கு அழுத்தம் ஒழுங்காக வந்து, 4,500 சுற்றுக்கு மேல் இறங்க வேண்டிய இடத்தில் ஏறத் தொடங்கிற்று. வேஸ்ட்கேட் என்பது மிகுதி வாயுவை டர்போவைத் தவிர்த்து வழிவிடும் கதவு; அதை ஈசியூ எவ்வளவு மூடி வைக்க முயல வேண்டும் என்பது டியூட்டி. அந்த டியூட்டி அட்டவணையைக் குறைத்தேன்; ஏறிற்று. மேலும் குறைத்தேன்; ஏறிற்று. இன்டெக்ரல் திருத்தம் (இலக்கிலிருந்து விலகல் நீடிக்க நீடிக்கக் கூடும் திருத்தம்) தாமதமாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டி அந்த அட்டவணைகளிலும் கைவைத்தேன். இறுதியில் டியூட்டியை முழுவதும் சுழியமாக்கி, அதாவது வேஸ்ட்கேட்டை ஸ்பிரிங்கின் பொறுப்பில் விட்டு ஓட்டியபோதும், 9-இல் தொடங்கிய அழுத்தம் 5,900 சுற்றில் 17.5-க்குப் போயிற்று. எரிபொருளை வெட்டும் வரம்பை 18-இல் வைத்திருந்ததால் அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தச் சுழிய ஓட்டத்தை முதல் வேலையாகச் செய்திருந்தால் அட்டவணைகளில் போன நேரம் மிஞ்சியிருக்கும்; ஈசியூ கட்டளையிடாத பூஸ்டை ஈசியூவால் குறைக்க முடியாது.

நடப்பது இதுதான்: பழைய இறுக்கமான வெளியேற்றுக் குழாய் வாயுவைத் தடுத்து வைத்திருந்தது. தடை நீங்கியதும் வாயு தாராளமாகப் பாய்கிறது. வேஸ்ட்கேட்டின் கதவு முழுதாகத் திறந்தாலும் அதன் ஓட்டை சிறியது. அதில் வழி கிடைக்காத வாயு டர்போவின் வாயுச் சக்கரமான டர்பைனைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. குளிரில் இது கூடும், ஏனெனில் சுழிய பாகையில் காற்று 30 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடர்த்தியானது. கோடையில் இதே காரைத் திருத்தியவருக்கு ஒன்றுமே தெரிந்திராது, முதல் பனிக்காலத்தில் எரிபொருள் வெட்டு விழுந்து தலை முன்னே குத்தும்போதுதான் தெரியும்.

மருந்து மென்பொருளில் இல்லை, கிரைண்டரில் இருக்கிறது. டர்போவைக் கழற்றாமலே ஓட்டையைப் பெரிதாக்குபவர்கள் உண்டு. இரும்புத் துகள் டர்பைன் பக்கம் விழுவதை நினைத்து நான் கழற்றினேன். கதவு உட்காரும் இடத்தில் நீல மை தடவி மூடித் திறந்தால் தொடும் வளையம் தெளிவாகப் பதிகிறது. அந்த வளையத்தில் போதிய அகலத்தை விட்டுவைத்து, உள்விளிம்பை மட்டும் கார்பைடு பர் கொண்டு அகலப்படுத்தி, டர்பைன் உறையிலிருந்து வாயு வரும் பக்கத்தின் கூர்மூலையையும் வளைத்துவிட்டேன். வளையத்தைத் தின்றுவிட்டால் கதவு கசியும், பூஸ்ட் தாமதமாக வரும். ஆகவே சிறிது அரைப்பது, கதவை மூடி விளக்கு வெளிச்சத்தில் கசிவு பார்ப்பது, மறுபடி சிறிது அரைப்பது என்றே போக வேண்டும்.

திரும்பப் பொருத்துவதில் எண்ணெய்க் குழலின் செம்பு வாஷர்கள் புதியவையாக இருக்க வேண்டும். எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றி, டர்போவுக்கு எண்ணெய் ஏறிய பிறகே உயிர்ப்பித்தேன். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சிறு ரப்பர்க் குழல்களை அழகுக்காகப் புதியதாக மாற்ற நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும்: தொழிற்சாலைக் குழலுக்குள் ஊசித்துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டு ஒளிந்திருக்கிறது. அதைப் பழைய குழலோடு குப்பையில் போட்டால் பூஸ்ட் கணக்கு முழுவதும் தப்பும்.

அடுத்த ஓட்டத்தில், ஏறத்தாழ அதே குளிரில், டியூட்டி சுழியத்தில் அழுத்தம் 9-இல் தொடங்கி 11.5-க்கு மேல் போகவில்லை. இனி இலக்கு எப்போதும் அதற்கு மேலே இருப்பதால் கட்டுப்பாடு ஈசியூவின் கைக்கு வந்துவிட்டது. உச்சம் 16.5, சிவப்புக் கோட்டில் 13 என்று இலக்கு அமைத்தேன். சிறிய டர்போவை 6,000 சுற்றுக்கு மேல் 16-இல் பிடித்து வைத்தால் அது தருவது காற்றைவிடச் சூடுதான். அதை டைமிங் குறைத்துச் சமாளிக்க வேண்டிவரும், லாபமில்லை.

டைமிங்கில் நிதானமாகப் போனேன். எரிபொருள் இங்கே பம்பில் கிடைக்கும் 93 ஆக்டேன். உச்ச முறுக்குவிசை வரும் 3,200 முதல் 4,200 சுற்று வரை தொழிற்சாலை எண்களிலிருந்து 2 பாகை குறைத்துத் தொடங்கி, அரை அரைப் பாகையாக ஏற்றி, ஏற்றியும் முறுக்குவிசை கூடாத இடத்தில் நிறுத்தினேன். அப்போது 3,100-க்கும் 3,300-க்கும் இடையில் மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் 2.8 பாகை நாக்கிங் திருத்தம் விழத் தொடங்கிற்று. அந்தப் பகுதியில் 3 பாகை குறைத்தேன். திருத்தம் அப்படியே இருந்தது. உண்மையான நாக்கிங் டைமிங்கைக் குறைத்தால் குறைய வேண்டும். குறையாமல் அதே சுற்றில் நின்றதே அது வேறு ஒலி என்பதற்குச் சான்று. பட்டறைக் காதுக்கவசம் ஒன்றில் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையில் தட்டையாக்கிய செம்புக் குழாயை இன்ஜின் பிளாக்கில் போல்ட்டால் இறுக்கிக் கேட்டேன். நாக்கிங் என்றால் மணல் சிதறுவது போன்ற கூர்மையான நொறுங்கல் கேட்கும். கேட்டதோ தகரம் அதிரும் கிணுகிணுப்பு. டவுன்பைப்பின் வெப்பத் தகட்டுக் காது ஒன்று பிராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுக்கியால் அதை வளைத்ததும் திருத்தம் சுழியமாயிற்று, குறைத்த 3 பாகையையும் திரும்ப வைத்தேன். ஒலியை மட்டும் நம்பாமல், உச்ச முறுக்குவிசைப் பகுதியில் அரைப் பாகை இடம் விட்டே இறுதிக் கோப்பை எழுதினேன். கோடையின் 35 பாகை வெப்பத்துக்கும் தரம் குறைந்த ஒரு டேங்க் பெட்ரோலுக்கும் அந்த இடம் வேண்டும்.

இறுதி அளவு, அதே டைனோவில், சக்கரங்களில் 218 குதிரைத்திறன், 332 நியூட்டன் மீட்டர். கலவை முழுச் சுமையில் 11.0-க்கும் 11.2-க்கும் இடையில், இன்ஜெக்டர் டியூட்டி (எரிபொருள் தெளிப்பான் திறந்திருக்கும் நேரப் பங்கு) 80 சதவீதத்துக்குள். செலவைப் பொறுத்தவரை டவுன்பைப்புக்கு 450 டாலர், பழைய சைலன்சர் தொகுதிக்கு 300, இன்டேக்குக்கு 160, கேபிளுக்கு 170, வைட்பேண்டுக்கு 200, டைனோ வாடகைக்கு 375, கேஸ்கெட், வாஷர், பர் வகையறாவுக்கு 85. மொத்தம் 1,740 டாலர். காதுக்கவசக் கருவிக்கு ஆன சில்லறையை இதில் சேர்க்கவில்லை. கொடுத்த காசுக்கு மிகுந்த பயன் தந்தது அதுதான்.

மறுபடி செய்வதானால் வேஸ்ட்கேட் ஓட்டையை டவுன்பைப் மாட்டும் அன்றே, எல்லாம் பிரிந்து கிடக்கும்போதே அகலப்படுத்துவேன். டைனோவுக்குப் போகும் முதல் ஓட்டத்தைச் சுழிய டியூட்டியில் வைப்பேன். காதுக்கவசத்தைத் தொடக்கத்திலேயே மாட்டுவேன். இன்டேக் குழாயை வாங்கவே மாட்டேன். அதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்வது முறையன்று என்பதால், வாடகை நேரத்தில் கடைசி அரை மணியைத் தொழிற்சாலை ஏர்பாக்ஸுக்கு ஒதுக்கினேன். பெட்டியைத் திரும்ப மாட்டி, தொழிற்சாலை மாஃப் அட்டவணையை அப்படியே எழுதி, பூஸ்டும் டைமிங்கும் புதிய கோப்பில் உள்ளபடியே விட்டு ஓட்டினேன். 216 குதிரைத்திறன் வந்தது. கலவை கேட்ட விகிதத்திலிருந்து 2 சதவீதம் மட்டுமே விலகியது. கார் இப்போது அந்தப் பெட்டியோடுதான் ஓடுகிறது. பெயின்ட் கோடு போட்ட இன்டேக் குழாய் 90 டாலருக்கு விலைபோயிற்று.